உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்

கவிதை எழுதுகிறவருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பைத்தியத்துக்காவது மாத்திரை இருக்கிறது. பேரவை பிடித்துக்கொண்டால் மருந்தே கிடையாது. மைக்கக்காவைப் பேரவை பிடித்துக்கொண்டது.

மைக்கக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடை, எது தாமதம், யாருடைய குழந்தை கவுண்டரில் அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாவற்றையும் முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டால் மேலாளர் வந்து கண்ணாடி அறையின் கதவைத் தட்டுவார். அக்காவின் குரலுக்கு நிலையமே அடங்கும். ஆனால் அதே அக்காவை ஆளுக்கு நேரே நிறுத்தி, மனதில் இருப்பதைச் சொல் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, தகவல் பின்னர் தெரிவிக்கப்படும் என்று சொன்னவர்.

அவருடைய சொந்த அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போது பார்த்தாலும் ஷிஃப்ட். அதனால் அக்கா மகள் நான்கு வயது வரை வளர்ந்தது சித்தியின் கண்ணாடி அறையில், மேசைக்கு அடியில்தான். பிறகு அந்த அக்காவின் குடும்பம் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியது. கிளம்பிய அன்று தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தோளில் போட்டுப் பேருந்தில் ஏற்றும்போது, அதன் இடது கால் செருப்பு நழுவி நடைமேடையில் விழுந்தது. சின்னச் சிவப்புச் செருப்பு. மைக்கக்கா எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் வண்டி திரும்பிவிட்டது. ஒற்றைச் செருப்போடு விமானம் ஏறியவள் என்று அந்தப் பெண்ணை வீட்டில் இன்றும் கிண்டல் செய்வார்கள்.

இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். போன இடத்தில் தமிழைத் தொலைத்துவிட்டாள். ‘சித்தி’ என்ற சொல் மட்டும் பிழைத்துக் கிடந்தது. திரையில் முகம் பார்த்துப் பேசும்போது, அவள் ‘சித்தி’ என்பாள், இவர் சிரிப்பார், அவளும் சிரிப்பாள், பிறகு யாராவது ஒருவருக்கு வேலை வந்துவிடும். அவ்வளவுதான் உறவு. மைக்கக்காவுக்கு அது போதவில்லை. வளர்த்த பிள்ளையல்லவா!

இந்த விடுமுறைக்கு அவள் வருகிறாள் என்று தெரிந்த நாளில் மைக்கக்கா ஒரு கவிதை எழுதினார். அவளுக்குப் புரிய வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில் எழுதினார். அறிவிப்பு எழுதிப் பழகிய கை அறிவிப்பாகத்தான் எழுதியது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: சின்னச் சிவப்புச் செருப்பு ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது, இடது கால், உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும், கால் பெரிதாகியிருந்தால் பரவாயில்லை, அடையாளம் எதுவும் கேட்கமாட்டோம், இந்தக் கவுண்டர் மூடுவதில்லை.

ஏ.சி. மெக்கானிக்கான வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். வந்ததும் அவள் கையில் கொடுத்துவிடேன் என்றார். ஐயோ, முகத்தைப் பார்த்து எப்படிக் கொடுப்பது என்று அக்கா பதறினார். அவருக்கு வேறு யோசனை இருந்தது. ஒரு புத்தகத்தில் வந்துவிட்டால் போதும். இன்ன பக்கம் பார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்திய ஆங்கிலக் கவிதை வளர்ச்சிப் பேரவை ஒரு தொகுப்பு நூல் அறிவித்திருந்தது. மைக்கக்கா அனுப்பினார். நாலாம் நாள் பேரவையின் செயலாளர் போனில் கூப்பிட்டு, கவிதை தேர்வாகிவிட்டது, ஆனால் இன்னும் வளரவில்லை, நேரில் வந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

பேரவை மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இரண்டிலும் நான்கிலும்தான் நிற்கும். உள்ளே நீளமான மேசை, மேசை நிறையக் கேடயங்கள், சுவரில் மூன்று படிகள் வரைந்த பெரிய படம். படத்துக்குக் கீழே பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். வரலாறு அவர் பொறுப்பு. இந்திய ஆங்கிலக் கவிதை வளர்ந்த கதையை அவர் ஒரு குச்சியால் படத்தைத் தொட்டுத் தொட்டு விளக்கினார். முதல் படி, போலச்செய்தல். இரண்டாம் படி, வேர் தேடல். மூன்றாம் படி, உடைத்தெறிதல். மைக்கக்காவின் கவிதை நேராக மூன்றாம் படியில் போய் நிற்கிறது என்பதுதான் பேரவையின் வருத்தம்.

“நல்லா இருக்கேன்னு சேர்த்துக்க முடியாதும்மா. முதல் ரெண்டு படியில உங்க காலடியே இல்ல. எங்க முன்னோர்கள் நூறு வருஷம் மோசமா எழுதித்தான் இங்க வந்து சேர்ந்தாங்க. நீங்களும் கொஞ்சமாவது மோசமா எழுதிக் காட்டணும்.”

மைக்கக்காவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. வரிசையில் நிற்காமல் டிக்கெட் எடுக்கிறவர்களை அவருக்கும் பிடிக்காது. முதல் படிக்கு, பனி பொழியும் காலையைப் பற்றியும், அதில் பாடும் ஒரு வெள்ளைக்காரப் பறவையைப் பற்றியும் எதுகை மோனையோடு எழுதச் சொன்னார்கள். அந்தப் பறவையை எங்கே பார்க்கலாம் என்று அக்கா அப்பாவியாகக் கேட்டுவிட்டார்.

பேராசிரியர் குச்சியைக் கீழே வைத்தார். “பார்த்துட்டா அது எப்படிம்மா போலச்செய்தல் ஆகும்? நான் இந்தப் பறவையைப் பத்தி முந்நூறு பக்கம் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் நான் பார்த்ததில்ல. அந்த ஒழுக்கத்தை நாங்க கைவிடறதே இல்ல.”

அக்கா ஏ.சி. மெக்கானிக்கின் மனைவி. வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பனியைப் பார்த்து எழுதினார். கதவை மூடு, கரண்ட் பில் எகிறும் என்று வீட்டுக்காரர் கத்தியபடியே இருந்தார். கவிதையைப் படித்த பேராசிரியர், பனியில் ஒரு நேரடி அனுபவம் தெரிகிறதே என்று சந்தேகப்பட்டார். ஆனாலும் மொத்தத்தில் போதுமான அளவு மோசமாக இருக்கிறது என்று தட்டிக்கொடுத்து முதல் படி ஏற்றிவிட்டார்.

இரண்டாம் படி செயலாளருடையது. வேர்கள் அவரிடம் ஒரு இரும்பு அலமாரியில் இருந்தன. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்களுக்கு நதி உண்டா என்று கேட்டார். குழாய்த் தண்ணீர்தான், அதுவும் காலையில் ஒரு வேளை என்றார் அக்கா. பூர்வீக வீடு? வாடகை. சரி, பாட்டியையாவது போடலாம் என்றால் பாட்டிகள் எல்லாம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டார்கள். மூத்த கவிஞர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று என்று எடுத்துப் போய்விட்டார்களாம். அவர் அலமாரியைத் துழாவிவிட்டு நிமிர்ந்தார்.

“ஒரு பெரியம்மா இருக்காங்க. கண் பார்வை கொஞ்சம் கம்மி, ஆனா நிறைய நினைவு வெச்சிருப்பாங்க. நதியோட சேர்த்துத் தரலாம். நதி வத்திப்போனதுதான் இருக்கு. பரவாயில்ல, வத்தினதுக்குத்தான் இப்ப கிராக்கி. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போனா அதைத்தான் கேக்கறாங்க.”

அக்கா பெரியம்மாவையும் வற்றிய நதியையும் வாங்கி வந்து எழுதினார். அவருக்கே அவமானமாக இருந்தது. தன் சொந்தப் பெரியம்மா, நல்ல பார்வையோடு அடுத்த தெருவில் சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறாளே என்று ராத்திரியெல்லாம் புலம்பினார். ஆனாலும் அக்கா மகள் வரும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புத்தகம் கைக்கு வந்தாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்.

மூன்றாம் படிக்கு முன்னால் இன்னும் ஒன்று இருக்கிறது என்று அப்போதுதான் சொன்னார்கள். கனவுச் சோதனை. அதைத் தலைவரே நடத்துவார்.

தலைவர் பெரிய மனிதர். முப்பது வருடமாகப் பொது இடத்தில் தமிழ் பேசியதில்லை என்பது பேரவையின் மலரிலேயே அச்சாகியிருந்தது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே தமிழில்தான் தர முடிகிறது. பெரிய மனசு பண்ணி அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னது இது: “எந்த மொழியில் ஒருவர் கனவு காண்கிறாரோ அந்த மொழியில்தான் அவர் கவிதை எழுத முடியும் என்று எதிரிகள் நம்மைத் தொடக்கம் முதல் ஏசி வருகிறார்கள். நாம் அதற்குப் பதில் சொல்லவில்லை. ஆய்வகம் அமைத்துவிட்டோம்.”

ஆய்வகம் என்பது கமிட்டி அறையில் ஜன்னலோரம் போட்டிருந்த ஒரு கட்டில். பக்கத்தில் சாட்சிகளுக்கு மூன்று நாற்காலிகள். கவிஞர் தூங்க வேண்டும், தூக்கத்தில் உளற வேண்டும், உளறலைச் செயலாளர் எழுதிக்கொள்ள வேண்டும், மற்ற இருவரும் சரிபார்க்க வேண்டும். தேதி குறித்தார்கள். மதியச் சாப்பாடு பேரவையின் செலவு. தலைவர் இரண்டாவது முறை போட்டுக்கொண்டார். பேராசிரியரும் சளைக்கவில்லை.

மைக்கக்கா கட்டிலில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடினார். மூன்று ஆம்பிளைகள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத் தூக்கம் வரும்? மின்விசிறி சுற்றியது. ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பேராசிரியரின் மூச்சு கனத்தது. அடுத்து ஒரு குறட்டை. அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். தலைவர் நாற்காலியில் சரிந்து, வாய் திறந்து, பச்சைக் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். செயலாளர் பேனாவைத் தாளின் மேல் ஊன்றிக்கொண்டு, தலை மட்டும் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார்.

அப்போது தலைவர் உளறினார். நல்ல தெளிவான தமிழில்.

“அண்ணே... என் சைக்கிளக் குடுண்ணே... நான் இன்னும் ஒரு ரவுண்டுகூடப் போகலண்ணே...”

அழுகிற குரல். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய்த் தட்டிக்கொடுக்கலாமா என்றுகூட நினைத்தார். அதற்குள் செயலாளர் திடுக்கிட்டு விழித்து, அரைத் தூக்கத்தில் காதில் விழுந்ததைக் கடமை தவறாமல் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டு மறுபடி சரிந்தார். தேநீர் வந்து கப் உருண்ட சத்தத்தில்தான் மூவரும் ஒழுங்காக விழித்தார்கள். யாரும் தூங்கியதாக ஒப்புக்கொள்ளவில்லை.

செயலாளர் தாளைப் படித்தார். கவிஞர் தமிழில் கனவு கண்டிருக்கிறார், பொருள் சைக்கிள், உறவு அண்ணன். தீர்ப்பு, தோல்வி.

மைக்கக்கா கட்டிலை விட்டு எழுந்தார். தனக்கு அண்ணனே கிடையாது என்றார். தான் தூங்கவே இல்லை என்றும் சொன்னார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இருக்கட்டும், எந்த மொழியில் தூங்காமல் இருந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். உளறியது நீங்கள்தான் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் கவிதை பிழைத்திருக்கும்.

தீர்மானத்தை முடிக்கும் முன் கடைசியாக ஒரு கேள்வி, வெறும் சம்பிரதாயம் என்றார் செயலாளர். “நீங்க ஏன் ஆங்கிலத்துல எழுதறீங்க? எல்லாரும் இதுக்கு ஒரு பத்துப் பக்கம் சொல்வாங்க. நீங்க சுருக்கமா சொன்னா போதும்.”

“என் அக்கா பொண்ணுக்கு அதுதான் தெரியும் சார். அவ படிக்கணும்னு எழுதினேன்.”

பேராசிரியர் நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். “அவங்க கவிஞரா?” இல்லை. “விமர்சகர்? ஆராய்ச்சி மாணவி? அவங்க புத்தகத்துக்கு நீங்க முன்னுரை எழுதிக் குடுத்திருக்கீங்களா?” எதுவும் இல்லை.

“அப்புறம் எதுக்குப் படிக்கிறாங்க?”

“சும்மா படிப்பா சார்.”

“சும்மாவா?” என்று தலைவர் எழுந்து நின்றுவிட்டார். பேரவை தொடங்கிய நாளிலிருந்து இந்திய ஆங்கிலக் கவிதையைக் கவிஞர்கள் படித்திருக்கிறார்கள், தங்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று. பேராசிரியர்கள் படித்திருக்கிறார்கள், பதவி உயர்வுக்கு. அச்சுக்கோத்தவர் படித்திருக்கிறார், சம்பளத்துக்கு. சும்மா படிக்கிற ஆள் ஒருவர் இருப்பதாக அன்றுதான் தகவல் வந்தது. மூவரும் கிசுகிசுத்தார்கள். நூல் வெளியீட்டு விழாவுக்கு அந்த வாசகரையே சிறப்பு விருந்தினராக அழைப்பது என்று ஒருமனதாக முடிவானது. கவிதையைச் சேர்ப்பதா என்பது அந்தப் பரபரப்பில் யாருக்கும் நினைவில்லை.

மைக்கக்கா மாடிப்படி இறங்கும்போது தலைவரும் பின்னால் வந்தார். லிஃப்ட் நிற்காதே, அவரும் படிதான் இறங்க வேண்டும். இருட்டுப் படியில் முகம் தெரியவில்லை. அந்தத் தைரியத்தில் அக்கா கேட்டார்.

“சைக்கிள் கிடைச்சுதா சார்?”

தலைவரின் செருப்புச் சத்தம் நின்றது.

“கிடைக்கலம்மா. அண்ணன் அதை வித்துட்டான்.”

இருவரும் ஒரு மாடி இறங்கினார்கள். வெளிச்சம் வந்ததும் அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, பதிவான தீர்மானத்தை மாற்ற விதியில் இடமில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். போகட்டும், என்ன செய்வது! அக்காவுக்கு அவர்மேல் கோபம்கூட ஒழுங்காக வரவில்லை.

அக்கா மகள் வந்து இறங்கினாள். உயரமாக இருந்தாள். சித்தி என்றாள். மைக்கக்கா சிரித்தார், சமைத்தார், தட்டில் போட்டார், இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சைகை செய்தார். பேருந்து நிலையத்தில் மைக் பிடித்தால் பொளந்து கட்டும் ஆங்கிலம், வீட்டுக் கூடத்தில் எட்டிப் பார்க்கவே மறுத்தது. எல்லாம் விழாவில் சரியாகிவிடும் என்று வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். ஒருவேளை சேர்த்திருப்பார்கள் என்று அக்காவும் உள்ளுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தார்.

விழா மேடையில் அந்தப் பெண்ணை நடு நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ‘வாசகர்’ என்று ஒரு பலகையும் வைத்தார்கள். அவையில் இருந்த கவிஞர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சிலர் அவள் கையில் தங்கள் புத்தகத்தைத் திணித்துவிட்டு, எந்தப் பக்கத்தில் வியக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். தலைவர் பேசினார்.

“சென்ற ஆண்டு வரை நம் கவிதைக்கு வாசகர் எவரும் இல்லை. இன்று ஒருவர் இருக்கிறார். இது எத்தனை மடங்கு வளர்ச்சி என்று கணக்கிட நிபுணர் குழு அமைத்தோம். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்று அறிக்கை தந்திருக்கிறார்கள். நம் வளர்ச்சி கணிதத்தையே கடந்துவிட்டது என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள்?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. புத்தகத்தைக் கொடுத்தார்கள். கடைசி வரிசையிலிருந்து மைக்கக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். அக்கா மகள் முதலிலிருந்து கடைசி வரை புரட்டினாள். மறுபடி புரட்டினாள். பிறகு மைக்கை வாங்கி, ஆங்கிலத்தில், என் சித்தி எழுதியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டாள்.

செயலாளர் எழுந்து பொறுமையாக விளக்கினார். நூலில் அணிந்துரை இருக்கிறது, அணிந்துரைக்கு ஒரு முன்னுரை இருக்கிறது, மூன்று படிகளின் வரலாறு படங்களுடன் இருக்கிறது. இந்த ஆண்டு எந்தக் கவிஞரும் எல்லாச் சோதனையிலும் தேறாததால் கவிதைகள் மட்டும் இடம்பெறவில்லை. அதனால் நூலின் தரத்துக்கு எந்தக் குறையும் இல்லை. தலைவர், இப்படிக் கேட்பதற்காகத்தான் நமக்கு வாசகர் வேண்டும் என்று நெகிழ்ந்து, அவள் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஆங்கிலத்தில் கேட்டாள், என்ன எழுதியிருந்தாய் சித்தி என்று. மைக்கக்கா ஒன்றுமில்லை, சும்மா என்று கையை ஆட்டினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மைக்கக்கா அடுப்படியில் நின்று அழுதார்.

விடுமுறை முடிந்தது. விமான நிலையப் பேருந்து சித்தியின் நிலையத்திலிருந்துதான் புறப்படும். லீவு கிடைக்கவில்லை, அக்கா கண்ணாடி அறையில் வேலையில் இருந்தார். அந்தப் பெண் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தாள், சித்தி என்றாள், பெட்டியை இழுத்துக்கொண்டு கடைசி நடைமேடைக்குப் போனாள். வீட்டுக்காரர் கூடப் போனார். வண்டி வந்து நின்றது.

மைக்கக்கா நேரத்தைப் பார்த்தார். கைப்பையிலிருந்து அந்தச் சிவப்புச் செருப்பை எடுத்து மேசையில் வைத்தார். எதிரே முகம் எதுவும் இல்லை. பட்டனை அழுத்தினார்.

ஆங்கிலத்தில், எழுதியிருந்தபடியே, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார். சின்னச் சிவப்புச் செருப்பு, இடது கால். நிலையம் அடங்கிக் கேட்டது. முடிந்ததும் பழக்கதோஷத்தில் தமிழுக்கு வந்தார். அப்போதுதான், தமிழில் தன்னிடம் எழுதி வைத்தது எதுவுமே இல்லை என்று உறைத்தது. நிறுத்த முடியாது, விதி இருக்கிறதே.

“பயணிகள் கவனத்திற்கு. சின்னச் சிவப்புச் செருப்பு ஒண்ணு இங்க இருக்கு. நீ தூங்கிட்டிருந்தே, அதான் தெரியல. நான் ஓடி வந்தேன், வண்டி போயிடுச்சு. கால் வளர்ந்திருந்தா பரவாயில்ல கண்ணு. வந்து வாங்கிக்கோ. நான் இங்கதான் இருக்கேன்.”

நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே கவுண்டரில் வரிசை நின்றிருந்தது. முதலில் ஒரு ஆள், கையில் நீலச் செருப்பு. தன் பையனுடையதும் தொலைந்தது, நிறம் மாறியிருக்கலாம் என்றார். அடுத்து ஒரு அம்மாள், செருப்பு வேண்டாம், அதே மாதிரி அன்பாகத் தன் பச்சைக் குடையையும் கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். அந்த அம்மாளுக்குப் பின்னால், பெட்டியை நடைமேடையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்து, மூச்சு வாங்க, பைக்குள்ளிருந்து கேடயம் நீட்டிக்கொண்டிருக்க, அக்கா மகள் நின்றாள். வண்டி ஹாரன் அடித்தது. அவள் வரிசையை மதிக்கவில்லை. இடித்துக்கொண்டு முன்னால் வந்து கண்ணாடி ஓட்டை வழியாகக் கையை உள்ளே நீட்டினாள்.

“என்னுது” என்றாள். நான்கு வயதில் மேசைக்கு அடியிலிருந்து எல்லாவற்றுக்கும் சொன்ன சொல்.

மைக்கக்கா பட்டனிலிருந்து விரலை எடுக்கவில்லை. அந்தச் சொல் எல்லா நடைமேடையிலும் கேட்டது. தமிழில் மட்டும்தான் கேட்டது. ஆனாலும் மேலாளர் வந்து கதவைத் தட்டவில்லை.